நாங்க ரெண்டு பேருதான்

வெளிநாட்டு ஊழியத்தில் எனக்கு அது முதல் வாரம். ஞாயிறு ஆராதனைக்கு ஓர் ஆளையாவது வர வைக்காவிட்டால், சபை என்னைத் திருப்பி அழைத்துக்கொள்ளும். கூட வந்தவர் மூத்த ஊழியரான அண்ணன். இருவர் இருவராகப் போவதுதான் எங்கள் விதி. போன வீட்டிலெல்லாம் மூன்று நாற்காலி போட்டார்கள். "நாங்க ரெண்டு பேருதான்" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.

"இந்த ஊர்ல இப்படித்தான் போல. உக்காருடா," என்றார் அண்ணன்.

சனிக்கிழமை ஒரு தையல்காரரிடம், மனப்பாடம் செய்த அவர் மொழியில் அரைமணி நேரம் முட்டி மோதினேன். அவரோ காலி நாற்காலியைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"சார், பேசுறது நான். இந்தப் பக்கம் பாருங்க."

"கொஞ்சம் சும்மா இருங்க தம்பி, இவர் முடிக்கட்டும்."

கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்குக் கட்டாயம் வர்றேன்," என்றார்.

"அப்பாடா! நான் சொன்னதுல எது சார் உங்களைத் தொட்டுச்சு?"

"நீங்க சொன்னது ஒரு மண்ணும் புரியல தம்பி. இவர்தான் எங்க அம்மா பேசுற மாதிரியே பேசுறார்."

வாசல்வரை வந்து, எனக்கும் அண்ணனுக்கும் அவசரமாகக் கை கொடுத்தார். மூன்றாவது கையை மட்டும் நெடுநேரம் பிடித்திருந்தார். விட்டபோது அவர் புறங்கையில் நான்கு விரல்களின் தடம் சிவந்திருந்தது.