அலை இல்லாமல் ஒரு சுரம்

நாலு மணிக்கு மதுரையிலிருந்து வீடியோ அழைப்பு வரும். மணி மூன்று ஐம்பது ஆகியும் எபனேசரால் பசூனில் ரீட்டைப் பொருத்த முடியவில்லை.

தண்ணீரில் ஊறிய சின்ன நாணல் துண்டு அது. வளைந்த குழாயின் முனையில் செருகினால் முடிந்தது வேலை. எட்டு வருடமாகத் தினமும் செய்வதுதான், இன்றைக்கென்று இரண்டு தடவை நழுவியது. மனைவி எப்சிபா வந்து கையிலிருந்து வாங்கிச் செருகிக் கொடுத்தாள்.

"பயம்தான். பரீட்சைன்னா பள்ளிக்கூடத்துலயே எனக்குப் பேனா பிடிக்க வராது" என்றார்.

அவள் காப்பியை மேசையில் வைத்தாள். அரை டம்ளர். ஒரு நாள் தன் கை தட்டி அவர் வெள்ளைச் சட்டையில் கொட்டிவிட்டதாம், அதிலிருந்து அவளுக்கு அரை டம்ளருக்கு மேல் ஊற்றக் கை வருவதில்லை. பழனிசெட்டிபட்டியிலேயே பெரிய பெயின்ட் கடைக்காரனுக்கு வீட்டில் அரை டம்ளர் காப்பிதானா என்று தினமும் கேலி செய்வார். இன்று அதற்கும் நேரமில்லை.

பசூன் என்றால் இந்த வட்டாரத்தில் யாருக்குத் தெரியும். நெஞ்சுயரத்துக்கு ஒரு மரக்குழல். நாதஸ்வரத்துக்கு மகரக்கட்டு உடைந்து குரல் தடித்த அண்ணன் என்று அவரே சொல்லிக்கொள்வார். வாங்கி வந்த அன்று கடையில் சாத்தி வைத்திருந்ததைப் பார்த்து, இந்த பைப் அடி என்ன விலை என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

சத்தம் அவருக்குச் சீக்கிரமே படிந்துவிட்டது. அலைதான் வரவில்லை.

ஒரு சுரத்தை நீளமாகப் பிடித்தால் அது லேசாக அசைந்துகொண்டே இருக்க வேண்டும். வைப்ரேட்டோ என்பார்கள். அது வயிற்றிலிருந்து வர வேண்டும், தாடையை ஆட்டக்கூடவே கூடாது என்று கொச்சியிலிருந்து போனில் சொல்லித்தரும் டீச்சர் கறாராகச் சொல்லியிருந்தார். அதற்காக எபனேசர் தினமும் காலையில் மொட்டைமாடியில் நின்று, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, ஹா ஹா ஹா என்று மூச்சுவிட்டுப் பழகினார். துணி காயப்போட வரும் பக்கத்து வீட்டு முத்துலட்சுமி, தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று ஒரு மாதம் பேச்சையே நிறுத்திவிட்டாள்.

அவள்கூடத் திரும்பப் பேச ஆரம்பித்துவிட்டாள். அலை வரவில்லை.

மதுரை கிறிஸ்துமஸ் இசைக்குழு அவரை இரண்டு முறை வேண்டாம் என்றது. சத்தம் சுத்தமாக இருக்கிறது, உயிர்தான் இல்லை என்றார்கள். இந்த முறையும் இல்லையென்றால் பசூனை விற்றுவிடுவதாக எப்சிபாவிடம் சொல்லியிருந்தார்.

போன் அடித்தது.

திரையில் கிறிஸ்டோபர் மாஸ்டர். இசைக்குழுவுக்கு ஆள் எடுப்பவர் அவர்தான். எப்சிபா போனுக்குப் பின்னால், இவர் முகம் தெரிகிற இடத்தில் நின்றுகொண்டாள்.

முதல் பாட்டு தப்பில்லாமல் போனது. மாஸ்டர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ஒரே சுரத்த நீளமாப் பிடிங்க அண்ணாச்சி."

இதில்தான் இரண்டு முறையும் தோற்றார். மூச்சை நிறைத்துக்கொண்டு ஊதினார். சுரம் பலகை மாதிரி நேராகப் போனது. போய்க்கொண்டே இருந்தது. பாதி மூச்சில், அது அசைந்தது.

அவர் எதுவும் செய்யவில்லை. வயிறு கல்லாக இருந்தது. ஆனாலும் சுரம் அசைந்தது, சீராக, கண்மாய்த் தண்ணீர் காற்றுக்கு அலைவது போல. எங்கிருந்து வந்தால் என்ன, எட்டு வருடத்துக்கு அப்புறம் வந்துவிட்டது. ஊதிக்கொண்டிருக்கும்போதே எபனேசருக்குக் கண் நிறைந்துவிட்டது.

மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உசிரு வந்துருச்சே. கடைசியா ஒண்ணே ஒண்ணு. அதையே அலை இல்லாம, நேரா ஊதுங்க. பாடகர்களோட சேர்றப்ப அதுதான் வேணும்."

எபனேசருக்குச் சிரிப்பு வந்தது. எட்டு வருடமாக அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

ஊதினார். சுரம் அலைந்தது.

நிறுத்தினார். உதட்டை இறுக்கி மறுபடி ஊதினார். அலைந்தது. மூன்றாம் முறை தாடையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, மூச்சைக் குறைத்து ஊதிப் பார்த்தார். அதே அலை, அதே வேகத்தில்.

"வந்தத விட மனசில்லபோல" என்று மாஸ்டர் சிரித்தார். "நிறுத்திப் பழக டிசம்பர் வரைக்கும் நேரமிருக்கு. இடம் ஒங்களுக்குத்தான் அண்ணாச்சி."

திரை அணைந்தது.

எபனேசர் ரீட்டை வாயிலிருந்து எடுத்தார். சத்தம் நின்றுவிட்டது, தாடை நிற்கவில்லை. கையால் பிடித்துப் பார்த்தார். இப்போது கையும் சேர்ந்து ஆடியது.

எப்சிபாவைப் பார்த்தார். இடம் கிடைத்ததற்கு அவள் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. ஆச்சரியப்பட்டதாகவும் தெரியவில்லை. அவருக்குப் பார்வை தானாக மேசை மேலிருந்த காப்பிக்குப் போனது.

"எப்ப இருந்து எப்சி?"

அவள் ஆறிப்போன அரை டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"சித்திரையில, வீரபாண்டித் திருவிழா சமயத்துல இருந்துங்க. அன்னைக்கி ஒங்க சட்டையில கொட்டுனது என் கை இல்ல."