கம்பியின் மறுமுனையில்

“இன்னும் கோவம் தீரலையாடா உனக்கு?” என்று கேட்டாள் அம்மா.

அவன் வெள்ளிக் கம்பியின் நுனியைக் குறட்டால் கவ்விப் பிடித்து, பின்பக்கமாகவே நடந்து சுவர் வரை இழுத்தான். நடுவில் நிறுத்தியிருந்த இரும்புத் தகட்டின் துளை வழியாகக் கம்பி கிறீச்சிட்டுக்கொண்டு வந்தது, ஒரு நூல் இளைத்து.

தகட்டுக்கு அந்தப் பக்கம் அம்மா உட்கார்ந்திருந்தாள். பார்வை போய் ஆறு வருஷம். இருந்தாலும் கம்பிக்கு மெழுகு பூசிக்கொண்டே விரலால் பருமனைச் சொல்லிவிடுவாள்.

“வாயை எங்கயாவது அடகு வச்சுட்டியா? போகட்டும், கையாவது வேலை செய்யுதே!”

அவளுடைய மகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, அவனிடம் உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள்.

அதற்கு அவசியமே இல்லை. அவன் வேலை கேட்டு வந்த அன்றே அவள் சொல்லிவிட்டாள். “உன் பேரு, வயசு, ஊரு எல்லாத்தையும் செருப்போட வாசல்லயே விட்டுட்டு வா. உள்ள நீ என் தம்பி. அம்மாவோட சண்டை போட்டு ஒரு வருஷமா பேச்சை நிறுத்தினவன். ஆனா கம்பி இழுக்க மட்டும் தவறாம வந்து நிப்பான்.”

“அவர் இப்ப எங்கக்கா?”

“வெளியூர் போன இடத்துல லாரி மோதிடுச்சு. அங்கயே எல்லாம் முடிச்சுட்டோம். அம்மாவுக்கு நெஞ்சு பலவீனம். நீ ஒரு வார்த்தை பேசினா அவ உயிர் போச்சு.”

நாலு மாதம் ஆகிவிட்டது. செத்தவனின் தோல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, செத்தவன் நடந்து தேய்ந்த தரையில் அவன் பின்னோக்கி நடக்கிறான். சில சமயம் குறட்டின் மேல் தன் கையோடு இன்னொரு கையும் இருப்பதுபோலத் தோன்றும். முதுகு சுவரில் முட்டும்போது, அங்கே முன்னாலேயே யாரோ நிற்பதுபோல.

அறுந்துவிடுமோ என்ற பயத்தில் கம்பியை அடிக்கடி நெருப்பில் காட்டி இளக்கிக்கொண்டு, மெதுவாகத்தான் இழுப்பான். வேலை முடிந்ததும் அம்மா ஒரு தகர டப்பாவைக் காதருகே குலுக்கிப் பார்ப்பாள். சத்தமே வராது. அது எதற்கென்று அவனுக்குப் புரிந்ததில்லை.

சட்டைப் பையில் ஃபோன் அதிர்ந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் அவனைப் பெற்றவள். தினமும் இந்த நேரத்தில்தான் கூப்பிடுவாள். துண்டித்தான். வெளியே போயும் கூப்பிடுவதில்லை. என்ன வேலைப்பா என்று கேட்டால், செத்தவனாக இருக்கிறேன் என்றா சொல்வது? ஒரு மாதமாக அவள் அவன் குரலையே கேட்கவில்லை.

“அன்னைக்கு உன்னை வீட்டை விட்டுப் போடான்னு சொல்லியிருக்கக் கூடாதுடா,” என்றாள் அம்மா திடீரென்று. “வாய் தவறி வந்துடுச்சு.”

அவன் கம்பியை மறுபடி நெருப்பில் காட்டினான். யாருக்கோ வந்த மன்னிப்பைத் திருடிக்கொண்டு நிற்பதுபோல இருந்தது.

“மெழுகு தீந்துபோச்சு, வாங்கிட்டு வரேம்மா,” என்று கண்ணைத் துடைத்தபடி கிளம்பினாள் மகள். வாசல் கதவு சாத்திக்கொண்டது.

அம்மா டப்பாவை எடுத்தாள். குலுக்கினாள்.

“அறுந்த துண்டு போடற டப்பா இது. என் பையன் அவசரக்காரன். சூடு காட்டாமலே இழுத்து, ஒரு நாளைக்கு மூணு தடவை அறுப்பான். நாலு மாசமா ஒரு துண்டு விழலை.”

அவன் குறட்டைக் கீழே வைத்தான். அவள் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளவில்லை. விரலிலிருந்த மெழுகைத் துணியில் நிதானமாகத் துடைத்தாள்.

“எனக்குத் தெரியும்னு என் பொண்ணுகிட்ட சொல்லிடாத. அவ தாங்க மாட்டா.”

பையில் மறுபடியும் அதிர்ந்தது.

“நீயாவது எடுத்துப் பேசுப்பா. உங்கம்மாவா இருக்கும்.”