சான்றுக் கட்டம்

மாலை வெயில் மேசைமேல் சோர்ந்து கிடக்கிறது. விழாக் குழுவில் எல்லார் வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்யும் மாணவி தானே இலக்கு வைத்து எழுதித் தந்த கற்றல் ஒப்பந்தத்தைப் பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படிக்கிறார். ‘இந்தப் பருவத்தில் நான் கற்கப்போவது: முடியாது என்று சொல்ல.’ அதற்கு நேரே, கற்றதற்கு ஆதாரம் எழுத வேண்டிய சான்றுக் கட்டம் காலியாக இருக்கிறது. “இதுக்கு எப்படிம்மா மார்க் போடறது? வேற ஏதாவது எழுதிக் குடுத்துடேன்.” எதிரே நிற்பவள் பையின் வாரை விரலில் சுற்றுகிறாள். “முடியாது சார்.” அவர் சிரித்துவிடுகிறார். ‘என்னிடமே சொன்னாள்’ என்று கட்டத்தில் எழுதி முழு மதிப்பெண் போடுகிறார். அவள் கதவைச் சாத்துவதற்குள் தொலைபேசி அலறுகிறது. இன்னொரு வகுப்பின் ஒப்பந்தங்களையும் அவரே திருத்த வேண்டும் என்கிறார் துறைத்தலைவர். பேராசிரியரின் பார்வை தாளில் ‘முடியாது’ என்ற அந்த ஒரு சொல்லின்மேல் நிற்கிறது. “சரிங்க சார்,” என்கிறார், “அனுப்பிடுங்க.”