களியக்காவிளை தாண்டிய பூ

சவ ஊர்வலம் போன ரோட்டில் பூ கிடந்தால் அது தமிழ்நாடு. களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் போய்விட்டால் ஓர் இதழ்கூடக் கிடக்காது. முப்பது வருஷமாக நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் கார் ஓட்டும் சற்குணத்துக்கு இது தெரியும்.

அன்று எல்லை தாண்டியும் செவ்வந்தி இதழ்கள் கிடந்தன. பாலராமபுரத்திலும் கிடந்தன. ஒன்றுகூட நசுங்கவில்லை.

“இங்க ஆரு பூ போடுவா?” என்றாள் காரில் பக்கத்தில் இருந்த மனைவி சுசீலாபாய்.

கரமனை தாண்டி அவர்கள் தெருவுக்குள் திரும்பிய பூ, அவர்கள் வீட்டு வாசலில் முடிந்தது. பூ சாவு வீட்டில் முடியாது, அங்கிருந்துதான் தொடங்கும் என்பது சற்குணத்துக்கு அப்போதுதான் உறைத்தது. காலையில் அவர்கள் கிளம்பும்போது வீட்டில் மகன் விஜின் மட்டும்தான் இருந்தான்.

“பாறசாலையில வச்சு போன்ல கூப்பிட்டப்ப சாயா குடிக்கேன்னு சொன்னானே” என்றாள் சுசீலாபாய்.

கதவு திறந்து கிடந்தது. உள்ளே யாருமில்லை. பிணம் எடுத்த வீட்டைப்போல முழுக்கக் கழுவி விட்டிருந்தது. சுசீலாபாய் அந்த ஈரத்தில் கால் வைக்காமல் வாசலிலேயே நின்றாள்.