வெறுங்கால் கேலரி

சுயம்புவைப் பக்கத்து ஊர் ஹாக்கி அணிக்குக் கொடுத்துவிட்டு, அவர்களுடைய கோல்கீப்பரை நாங்கள் வாங்கிக்கொண்டது சரியா தப்பா என்ற சண்டை, இறுதியாட்டம் முடியப்போகிற நேரத்திலும் ஓயவில்லை.

"பத்தொம்பது வயசுப் பயல எவனாவது குடுப்பானா? வெதநெல்ல அவிச்சுத் தின்னுட்டீரு வே!" என்று கண்டக்டர் சேவியர் கத்தினார்.

அவனைக் கொடுத்த செயலாளர் எத்திராஜ் விடவில்லை. "போன வருசம் ஆறு கோல் வாங்குனோமே, மறந்துட்டீரா? இன்னைக்கு ஒண்ணு உள்ள போயிருக்கா, சொல்லும்!"

போகவில்லைதான். நாங்களும் போடவில்லை. கடைசி நிமிடத்தில் எதிரணிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தது. அடிக்க வந்தவன் சுயம்பு. கேலரியே எழுந்து நின்றது.

அவன் எங்களுக்காக முதல் கோல் அடித்த அன்று சேவியரின் செருப்பு அறுந்திருந்தது. அதிலிருந்து அவன் கார்னர் அடிக்க வந்தாலே நாங்கள் அத்தனை பேரும் செருப்பைக் கழற்றிவிடுவோம். ஒன்றுகூடத் தவறியதில்லை.

உள்ளங்கால் சுட்டபோதுதான் குனிந்து பார்த்தேன். வரிசை வரிசையாக வெறுங்கால்கள். சேவியரும் பார்த்துவிட்டார்.

"ஏய், மாட்டுங்கப்பா! நம்ம கோலுக்குல்லா அடிக்கப் போறான்!"

எல்லோரும் அவசரமாகக் கால்களை நுழைத்தார்கள். எத்திராஜ் மட்டும் கொதிக்கிற சிமெண்டுப் படியில் அப்படியே நின்றார். இரண்டு செருப்பையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "மூலையப் பாத்துத் தூக்கி அடிலே, சுயம்பு" என்று முணுமுணுத்தார்.