பைத்தானுக்கு இடமில்லை

வாஷிங் மெஷினுக்குள் இருந்த குட்டி லினக்ஸ் இயங்குதளத்தில் பைத்தான் மொழியே பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அதை விரட்டினால்தான் மெஷின் கடைக்குப் போகும்; ஆனால் அதில் எழுதிய நிரல் ஒன்று மிச்சமிருந்தாலும் அது நகராது.

“பைத்தான் நிரல் எல்லாத்தையும் சி மொழிக்கு மாத்தியாச்சு மேடம்!” என்றார் நிரல் எழுதும் மீசைக்காரர்.

மேலாளர் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அடைபட்ட இடத்தை ஆவலாக அளந்து பார்த்தார். இம்மிகூடக் குறையவில்லை.

“பைத்தான் இன்னும் உள்ளேயே சட்டமா உக்காந்திருக்கே!”

“அதாங்க எனக்கும் மண்டை காயுது. பைத்தான் நிரல் ஏதாவது மிச்சமிருக்கான்னு தேட, மெஷினுக்குள்ளேயே ஒரு காவல் நிரல் வெச்சேன். தினமும் ‘ஒண்ணு இருக்கு’ங்குது. அந்த ஒண்ணு எதுன்னுதான் பிடிபடலை.”

மேலாளருக்குப் பொறி தட்டியது.

“அந்தக் காவல் நிரலை எதுல எழுதினீங்க?”

“சட்டுனு முடியணுமேன்னு... பைத்தான்லதான் மேடம்.”