உயர்ந்த கை
"ராஜாகிட்ட சம்பளம் வாங்குறவரு ராஜாவையே கேள்வி கேப்பாராப்பா?" என்று மகள் ஒருநாள் கேட்டது எஸ்ரா க்ரோவெலின் நினைவுக்கு வருகிறது. நோவா ஸ்கோஷியா குடியேற்றத்தின் சட்டசபை சன்னல்களில் பனி அப்பியிருக்கிறது. ராஜாவின் உத்தியோகத்தில் இருப்பவர் இங்கே உறுப்பினராக உட்காரக் கூடாது என்ற விதியை எஸ்ரா உரக்கப் படித்து முடிக்கிறார். படகைக் கடலுக்குப் பறிகொடுத்து, ஐந்து பிள்ளைகளுக்காக ராஜாவின் சுங்க வேலையை ஏற்றுக்கொண்ட உறுப்பினர் சைலஸ் ஹார்டிங் எதிரே நிற்கிறார். "போய் ராஜாவோட ரம் பீப்பாயை மோந்து பாருய்யா!" என்று பின்வரிசை தரையை உதைத்துக் கூச்சலிடுகிறது. சைலஸைச் சபையிலிருந்து நீக்கச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்கிறார் சபாநாயகர். எஸ்ராவின் கைதான் முதலில் உயர்கிறது. "நல்லா தூக்கு, எஸ்ரா! போன வருஷம் பனிப்புயல்ல என் கையுறையைக் கழட்டிக் குடுக்கலைன்னா, தூக்குறதுக்கு அந்தக் கையே இருந்திருக்காது" என்று சைலஸ் உறுமுகிறார். எஸ்ராவின் முகம் சிவக்கிறது, கை இறங்கவில்லை. குமாஸ்தா கைகளை எண்ணி, சைலஸ் நீக்கப்பட்டதாக அறிவித்ததும், கூச்சல் ஓயும் முன்பே எஸ்ரா பக்கத்து அறைக்கு நழுவுகிறார். அங்கே யாரும் இல்லை. ஆணியில் சைலஸின் நைந்த கோட்டு தொங்குகிறது. தன் மனைவி பின்னிக் கொடுத்த புதுக் கம்பளிக் கையுறைகளைக் கழற்றி, அந்தக் கோட்டின் பைக்குள் ஆழமாகத் திணிக்கிறார். "ஆண்டவரே, அவன் வீடு போய்ச் சேர்றவரைக்கும் காத்து அடங்கி இருக்கட்டும்" என்று முணுமுணுத்துவிட்டு, வெறுங்கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளிக்கதவைத் திறக்கிறார்.